வேலை இருக்கும் வரைக்கும்

என் கணவன் வேலையை விட்டுவிட்டு விசிலடித்துக்கொண்டே வீட்டுக்குள் வந்தான். பார்சல் கிடங்கில் சூப்பர்வைசர் அவன். அங்கே மேனேஜராக இருக்கும் ஆளுக்கு எங்கள் வீட்டில் சிடுமூஞ்சி என்று பெயர்.

"எல்லார் முன்னாடியும் நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி கேட்டுட்டேன். ஸ்கேனரை மேசைமேல வச்சுட்டு வந்துட்டேன். பசங்க கை தட்டினாங்க."

எனக்கும் கை தட்ட ஆசைதான். அந்த ஆள் இவனைப் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் என் கழுத்தில் ஒரு கட்டி இருந்தது. அடுத்த மாதம் ஆபரேஷன்.

"இன்சூரன்ஸ்?" என்றேன்.

"அது எங்க போகப்போகுது? மாசாமாசம் சம்பளத்துல பிடிச்சாங்களே. நம்ம காசு, அப்படியே இருக்கும்."

ஒரு செல்போன் வாங்க ஊரிலுள்ள விமர்சனமெல்லாம் பார்க்கிறவன் பேசுகிற பேச்சு இது. "உண்டியலாடா அது?" என்று கத்த வாயெடுத்து, அடக்கிக்கொண்டேன். எனக்கு மட்டும் என்ன தெரியும்? அந்த இன்சூரன்ஸ் அட்டை வந்த அன்று, "நமக்கென்ன வயசா ஆயிடுச்சு" என்று இரண்டு பேரும் சேர்ந்துதான் அதை அலமாரியில் போட்டோம்.

இன்சூரன்ஸ் அலுவலகத்துக்குப் போன் போட்டான். எடுத்த பெண் தன்மையாகத்தான் சொன்னாள்.

"வேலையில இருக்கற வரைக்கும்தான் சார். புதுசா தனியா எடுத்தீங்கன்னா, ஏற்கெனவே இருக்கற நோய்க்குச் சில வருஷம் காத்திருக்கணும்."



மறுநாள் காலையில் அவன் கிடங்குக்குப் போனான். நான் தனியாக டாக்டரிடம் போய், கட்டியிலிருந்து எடுத்த சதையின் பரிசோதனை முடிவைக் கேட்டுவிட்டு வந்தேன். சாயங்காலம் அவன் ஷூவைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தான்.

"திரும்ப எடுத்துக்கிட்டானா?"

"எடுத்துக்கிட்டான். எல்லாரையும் கூப்பிட்டு நிக்கவச்சு, மன்னிப்பு கேளுன்னான். கேட்டேன். பசங்க தலையைக் குனிஞ்சுக்கிட்டாங்க."

எனக்குச் சிடுமூஞ்சியின் மேல் வந்த கோபத்தைவிட என் கழுத்தின் மேல்தான் அதிகமாக வந்தது.

"பரவாயில்ல விடு," என்றான். "ஒரு மாசம் பல்லைக் கடிச்சுக்கிட்டு ஓட்டிடறேன். உனக்கு ஆபரேஷன் முடிஞ்ச மறுநாளே வேலைக்கு ஒரு பெரிய கும்பிடு. ஆமா, டாக்டர் என்ன சொன்னாரு?"

ஆபரேஷனோடு முடியாது, அதற்கப்புறம் இரண்டு வருஷமாவது சிகிச்சை தொடரும் என்று சொல்லியிருந்தார்.

"அடுத்த மாசம் ஆபரேஷன்னாரு," என்றேன்.