வேலி மணக்கும் மாதம்

குடிவந்து ஒரு மழைக்காலம் போய்விட்டது. பின்பக்கக் கம்பி வேலி மட்டும் மொட்டையாகவே நின்றது. வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு சந்து. அதில் போகிறவர்கள் கொடியில் காயும் துணியிலிருந்து அடுப்பில் இருக்கும் பாத்திரம் வரை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் நகர்வார்கள். வீட்டுக்காரன் லிஃப்ட் மெக்கானிக். பகலெல்லாம் ஊரார் கட்டடங்களின் இருட்டுக் குழிக்குள் கிரீஸ் கையோடு கிடப்பவனுக்கு, பார்க்கிறவர்கள் பார்த்துவிட்டுப் போகட்டும் என்றிருந்தது.

வேலிக்கு ஏதாவது செய் என்று சொன்னது அவன் மனைவிதான். சரக்குக் கப்பலில் எலக்ட்ரீஷியன் அவள். ஒருமுறை ஏறினால் வருஷத்தில் பாதிக்கு மேல் கடலிலேயே போய்விடும். கரை நெருங்கும்போதுதான் போனுக்கு உயிர் வரும்.

"வேலிக்கு ஒரு கொடி ரோஜா வை. வாசனை இருக்கணும், அவ்வளவுதான். மத்ததெல்லாம் உன் இஷ்டம்."

"என்ன கலர்?"

"உன் இஷ்டம்னு சொன்னேனே. இங்க தலையணைகூட டீசல் நாத்தம் அடிக்குது."

அதற்குமேல் கேட்பதற்குள் இணைப்பு போய்விட்டது.

தொழிற்பயிற்சிப் பள்ளியில் ஒரே வகுப்பில் படித்ததால் இருவருக்கும் நீ, வா, போதான். "நல்லவேளை, போடான்னு சொல்லாம விட்டாளே" என்று அவன் மாமியார் அடிக்கடி நொந்துகொள்வார். தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். மகள் கப்பலேறிய நாளிலிருந்து மருமகனோடுதான் இருக்கிறார். இருவருக்குள்ளும் பெரிய பேச்சு ஒன்றும் கிடையாது. அவன் வேலை முடிந்து வந்தால், "போன் வந்துச்சா?" என்பார் அவர். "உங்களுக்கு?" என்பான் இவன். இரண்டு பேருக்கும் வரவில்லை என்றால் அன்றைய சாப்பாடு கொஞ்சம் சீக்கிரம் முடியும்.

ஞாயிற்றுக்கிழமை இருவருமாக நர்சரிக்குப் போனார்கள். நர்சரிக்காரம்மா உரம் அள்ளிய கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"வேலிக்கா? வெயில் எந்தப் பக்கம்?"

"காலையில நல்லா விழும்" என்றான்.

சிவப்பு ஒன்றைக் காட்டினாள். கொத்துக் கொத்தாகப் பூ, கண்ணைப் பறித்தது. மாமியார், "இதான், இதேதான்" என்று கிட்டத்தட்டத் தொட்டியைத் தூக்கப் போனார். அவன் குனிந்து மூக்கை வைத்தான். தண்ணீர் ஊற்றிய மண்ணின் வாசம்தான் வந்தது.

"இது மணக்காதுங்க. ஆனா வருஷம் பூரா விட்டு விட்டுப் பூக்கும்."

"மணக்கிறது?"

ஓரத்தில் இருந்த ஒரு தொட்டியை இழுத்தாள். வெளிறிய பாலாடை நிறத்தில் ஒரே ஒரு பூ; அதுவும் உதிரப் பார்த்தது. அவன் குனியக்கூட வேண்டியிருக்கவில்லை. ஒரு கணம் தான் எதற்கு வந்தோம் என்பதையே மறந்து நின்றான்.

"இது வருஷத்துக்கு ஒரே தரம். குளிர் விட்டு வெயில் ஏறும்போது மூணு வாரம் பூக்கும். அப்புறம் வெறும் இலைதான். ரெண்டும் சேர்ந்த ரகம் ஒண்ணு இருந்துச்சு, தீந்துபோச்சு. திரும்ப எப்ப வரும்னு பொய் சொல்ல மாட்டேன்."

அவன் மனதுக்குள் மாதங்களை ஓட்டிப் பார்த்தான். குளிர் விடும் சமயம் அவள் எப்போதும் நடுக்கடலில் இருப்பாள். அவள் கரைக்கு வருவதே மழைக்கு முன்னால்தான்.

மாமியாரும் அதே கணக்கைத்தான் போட்டிருக்க வேண்டும். "பூக்கும்போது அவ இருக்க மாட்டா, அவ இருக்கும்போது இது பூக்காது. நல்ல பொருத்தம் போங்க" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "மாப்ளே, அவ உள்ள நுழையும்போது வேலி நிறைய பூ இருக்கட்டும். சிவப்பையே எடுங்க" என்றார்.

அவனுக்கும் அதுதான் சரியென்று பட்டது. வெறும் வேலியைக் காட்டி, பூத்த சமயம் வந்திருந்தால் மணத்திருக்கும் என்று அவளிடம் எப்படிச் சொல்வது? சிவப்பை வாங்கினான். வாசல் தாண்டும்வரை அந்த இன்னொரு வாசம் பின்னாலேயே வந்தது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

சிவப்பும் குறை வைக்கவில்லை. கிளைகளை வளைத்துக் கம்பியில் கட்டக் கட்ட, கிறுக்குப் பிடித்தாற்போல் ஏறியது. அவள் வந்த நாளில் பாதி வேலி பூவாக இருந்தது. பெட்டியைக்கூட உள்ளே வைக்காமல் நேரே பின்பக்கம் ஓடினாள். கண்ணை மூடிக்கொண்டு ஒரு கொத்துக்குள் முகத்தைப் புதைத்தாள். அவன் மாமியாரைப் பார்த்தான். மாமியார் அவனைப் பார்த்தார்.

முகத்தை எடுக்க அவளுக்கு நேரமாயிற்று.

"ரொம்ப அழகா இருக்கு" என்றாள். பிறகு அம்மாவைக் கட்டிக்கொண்டாள்.

மூன்றாம் நாள் காலை, பின்வாசல் படியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது அவனாகவே ஆரம்பித்தான்.

"வாசனையா ஒண்ணு இருந்துச்சு. ஆனா நீ இல்லாத மாசத்துலதான் பூக்குமாம். அதான்..."

"எனக்குத் தெரியும். நீ அப்படித்தான் யோசிச்சிருப்பே."

"நீ வரும்போது பூ இருக்கணும்னு நெனச்சேன்."

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். "நான் வரும்போது நீ இருக்கே, அம்மா இருக்காங்க. அப்ப எனக்கு வாசனை எதுக்கு? அங்கதான் வேணும். டியூட்டி முடிஞ்சு மேல் தளத்துல வந்து நின்னா, சுத்திப் பாக்குற இடமெல்லாம் தண்ணி. இந்நேரம் நம்ம வேலி மணக்கும், இவன் சட்டையைக் காயப்போட வெளிய வருவான், இவனுக்கு அந்த வாசம் அடிக்கும்னு நெனச்சுக்க எனக்கு ஒண்ணு வேணாமா? நீ போன்ல என்ன சொல்றே? எல்லாம் அப்படியேதான் இருக்குங்கறே. அப்படியே இருக்கிறதை நான் எப்படி நெனச்சுப் பாக்கிறது?"

எல்லாம் அப்படியேதான் இருக்கிறது என்று சொன்னால் அவள் நிம்மதியாக இருப்பாள் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தான்.

உள்ளேயிருந்து மாமியார், "அப்போ இன்னொண்ணு வாங்கிட்டா போச்சு. வேலிக்கு என்ன இடமா இல்லை" என்றார்.

அன்றைக்கே போனார்கள். பாலாடை நிறச் செடியில் அப்போது பூ இல்லை. முள்ளும் நாலைந்து இலையுமாக நோஞ்சானாக நின்றது. அவள் ஓர் இலையைக் கசக்கி முகர்ந்துவிட்டு, "நம்பித்தான் வாங்கணும்போல" என்று சிரித்தாள். வேலியின் மறுமுனையில் அவளே குழி வெட்டினாள். அது துளிர்விட்டுக் கம்பியைத் தொடுவதற்குள் அவளுக்குக் கப்பல் வந்துவிட்டது.

அடுத்த குளிர் விட்டபோது அது பூக்கவில்லை. ஆள் உயரத்துக்கு வளர்ந்ததோடு சரி. ஒவ்வொரு முறையும் போனில் முதல் கேள்வி அதுதான். "இல்லை" என்று சொல்ல அவனுக்குக் கஷ்டமாக இருக்கும். இடையில் வீட்டுக்கு வந்தாள். சந்துப்பக்கம் சாய்ந்த கிளைகளைத் தன் கையாலேயே இழுத்துக் கட்டினாள். திரும்பவும் போனாள்.

அதற்கடுத்த வருஷம் ஒரு காலை, அவன் சட்டையை உதறிக் கொடியில் போடும்போது கை நின்றுவிட்டது. முந்தின நாள் வரை மொட்டாக இருந்தவை நான்கைந்து விரிந்திருந்தன. மாமியார் முன்னதாகவே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"உங்களைக் கூப்பிடலாம்னுதான் இருந்தேன்" என்றார். "அப்புறம் நீங்களே வருவீங்கன்னு விட்டுட்டேன்."

அவள் போன் வர ஒரு வாரம் ஆயிற்று. அதற்குள் வேலியின் அந்த முனை வெளுத்துக் கிடந்தது. சந்தில் போகிறவர்கள் வீட்டுக்குள் பார்ப்பதை விட்டுவிட்டுப் பூவைப் பார்த்தார்கள்.

"பூத்திருச்சு" என்றான், ஹலோ சொல்வதற்கு முன்னால்.

அந்தப் பக்கம் இயந்திரச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "எப்படி இருக்கு?" என்றாள்.

சொல்ல முயன்றான். எலுமிச்சைத் தோல் மாதிரி என்றான். இல்லை, அப்போதுதான் குளித்துவிட்டு வந்தவர்களின் கழுத்து மாதிரி என்றான். சொல்லச் சொல்ல அது எதுவும் இல்லை என்று தெரிந்தது.

"சரி, விடு. இப்ப வேலிகிட்டயா நிக்கிறே?"

"ஆமா."

"இப்ப அடிக்குதா?"

"அடிக்குது."

"பேசாதே. அப்படியே கொஞ்ச நேரம் நில்லு."

அவன் நின்றான். காதில் அவள் மூச்சும், அதற்குப் பின்னால் இயந்திரமும் கேட்டன. லேசாகக் காற்று வந்தது. வாசம் ஒருமுறை கூடி அடங்கியது. அதை அவளிடம் சொல்லவில்லை. சிக்னல் அறுந்த பிறகும் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

"என்ன சொன்னா?" என்றார் மாமியார்.

"ஒண்ணும் சொல்லலை அத்தை."

அவள் வருவதற்கு இன்னும் பல மாதம் இருந்தது. இந்தப் பூக்கள் அத்தனை நாள் நிற்கப் போவதில்லை. வேலைக்கு நேரமாகிவிட்டது என்று தெரிந்தும் அவன் இன்னும் சற்று நேரம் அங்கேயே நின்றான்.