பதுக்கல்காரனின் ஜனாஸா

இன்ஷிரா தன் அண்ணன் முனீபின் சட்டைக் கையைப் பிடித்துக் குசினிக்குள் இழுத்து, கதவைக் காலால் தள்ளிச் சாத்தினாள். முற்றத்தில் வாப்பாவைக் கபன் துணி சுற்றிச் சந்தூக்குப் பெட்டியில் வைத்தாயிற்று. தூக்குவதற்கு முன் மகன் வாசலில் நின்று, இறந்தவர் செய்த பிழைகளை மன்னிக்கும்படி ஊரைக் கேட்பது வழக்கம்.

"காக்கா, நீங்க அதைக் கேக்கப்படாது."

"எல்லா மவுத்து வீட்டிலயும் கேக்கிறதுதானே. சும்மா ஒரு பேச்சு."

"மத்த வீட்டில சும்மா பேச்சு. இந்த வீட்டில நீங்க மாப்புக் கேட்டா அந்தப் பேரு மெய்யாகிடும்."

ஊர் வாப்பாவுக்கு வைத்த அந்தப் பேர், பதுக்கல் ஸஹாப்தீன்.

திருகோணமலைத் துறைமுகத்துக்கு எதிரே கிடக்கும் கோட்டைத்தீவைக் கரையோடு சேர்த்து வைத்திருந்தது பாதை ஒன்றுதான். அங்கே பாதை என்பது சனத்தையும் வாகனத்தையும் ஏற்றிக்கொண்டு வடத்தில் இழுபடும் மிதவை. கடைசிச் சண்டை நெருங்கியபோது, பாதை நின்றால் ஊர் எதைத் தின்னும் என்று யோசித்த ஒரே மனிதர் கூட்டுறவுச் சங்கக்கடை மனேஜர் ஸஹாப்தீன். ஒல்லாந்தர் கோட்டையின் வெடிமருந்து அறையைப் பூசிக் களஞ்சியமாக்கினார். அரிசியில் வண்டு விழும், நெல் தாங்கும் என்று தம்பலகாமத்திலிருந்து நெல்லாகவே இறக்கினார். உப்பு, சீனி, மண்ணெண்ணெய், குழந்தைகளுக்குப் பால்மா. நெருப்புப்பெட்டியை மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்தபோது ஊர் சிரித்தது. புதுச் சரக்கு உள்ளே போகும், பழையது முதலில் விலைப்படும். களஞ்சியம் வைப்பவனின் அரிச்சுவடி அது. ஊருக்கு அப்படித் தெரியவில்லை. நல்லதை ஒளித்துவிட்டு வண்டரிசியைத் தங்கள் தலையில் கட்டுகிறாராம். அந்தச் சீனி மூட்டைகளைத் தன் கடைக்குக் கேட்டு வந்து வெறுங்கையோடு திரும்பிய றஊப் ஹாஜியார், அன்று பின்னேரமே தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்து பேரை வைத்துவிட்டார்.

பிறகு பாதை நின்றது. இரண்டு பக்கத்திலிருந்தும் ஷெல் விழுந்தது. மழைக்காலம் முழுக்க ஊர் அந்த அறையைத்தான் தின்றது. ஒரு பிள்ளையும் பட்டினியில் சாகவில்லை. சண்டை விலகியதும், இவ்வளவும் உள்ளே இருந்திருக்கிறதே என்று அதே ஊர் வாயைப் பிளந்தது. பதுக்கியதற்கு அதுதான் சாட்சியாம். சங்கம் அவரை வேலையிலிருந்து நிறுத்தியது. பள்ளிக்கூடத்தில் இன்ஷிரா பதுக்கல்ட மகள். பல்கலைக்கழகத்துக்குத் தெரிவானபோதும், பதுக்கல்ட மகள் கெம்பஸ் போறாளாம் என்றுதான் பேசிக்கொண்டார்கள்.

"நீ கொழும்புக்குப் போயிடுவாய். நானும் உம்மாவும் இவங்களோடதான் இருக்கோணும்," என்றான் முனீப்.

வெளியே ஹாஜியார் நேரமாகிறதென்று செருமினார். இப்போது அவர்தான் பள்ளிவாசல் தலைவர். முனீப் கதவைத் திறந்துகொண்டு போனான்.

"எங்கட வாப்பா... தெரிஞ்சோ தெரியாமலோ..."

குரல் அங்கேயே நின்றுவிட்டது. அழுகையா, தங்கை சொன்னது நினைவுக்கு வந்ததா, தெரியவில்லை. ஹாஜியார் முன்னே வந்து அவன் தோளைத் தட்டினார்.

"அழாதீங்க தம்பி. ஊர் அவரை எப்பவோ மன்னிச்சிட்டுது."

இன்ஷிரா திரையை விலக்கிக்கொண்டு வாசற்படியில் வந்து நின்றாள். ஜனாஸா தூக்கும் நேரத்தில் பெண்கள் நிற்கும் இடமல்ல அது.

"எதை மன்னிச்சீங்க, ஹாஜியார்?"

கெம்பஸ் வாய் என்று பின்னால் யாரோ முணுமுணுத்தார்.

"பழைய கதை, மகள். மையித்தை வெச்சுக்கொண்டு..."

"அதுக்குத்தான் கேக்கிறன். அவர் இன்னும் முத்தத்தில இருக்கக்குள்ளயே சொல்லுங்க. எதை? நீங்க திண்ட சோத்தையா?"

ஹாஜியார் பக்கத்தில் நின்றவர்களைப் பார்த்தார். அவர்கள் நிலத்தைப் பார்த்தார்கள். முனீப் விட்ட வசனத்தை முடிக்கவில்லை. குனிந்து சந்தூக்கின் முன்கொம்பைப் பிடித்தான்.

"தூக்குங்க," என்றான்.

கலிமாவோடு ஜனாஸா படலையைத் தாண்டியது. நாலடிக்கு ஒருவராகத் தோள் மாற்றிக்கொண்டார்கள். ஹாஜியார் விரைந்து முன்னே போய், முனீபுக்குப் பக்கத்தில் நடந்தபடி கொம்புக்குக் கையை நீட்டினார். முனீப் திரும்பவில்லை. கொம்பைத் தோளின் உள்ளே இன்னும் இழுத்துக்கொண்டான்.

ஒழுங்கை வளையும் இடம் வரைக்கும் இன்ஷிராவுக்குத் தெரிந்தது. ஹாஜியார் கூடவே நடந்துகொண்டிருந்தார், நீட்டிய கையோடு.