எட்டுக்கு மேல் ஒலிக்காத பியானோ

விளம்பரப் படங்களுக்கு இசையமைக்கும் அக்கா காலையிலிருந்து ஒரே சிக்கலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். கணினியில் ஏற்றி வைத்திருந்த பியானோ மென்பொருளை, ஸ்வரங்களை நீட்டி ஒலிக்கவைக்கும் பெடலை மிதித்தபடி வாசித்தால், முதலில் அடித்த ஸ்வரங்கள் பாதியிலேயே அறுந்துபோயின. கேபிளை மாற்றினாள். மென்பொருளை அழித்துவிட்டுத் திரும்ப ஏற்றினாள். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில், ஒலிப்பதிவுக்கூடத்தில் வேலை செய்யும் தங்கையைப் போனில் கூப்பிட்டாள்.

"ஒரே நேரத்துல எத்தனை ஸ்வரம் ஒலிக்கலாம்னு செட்டிங்ஸ்ல ஒரு எண் இருக்கும். பாருக்கா."

"எட்டுன்னு இருக்குடி."

"அப்புறம்? ஒன்பதாவது வந்தா முதல்ல வந்ததை வெளிய தள்ளத்தானே செய்யும்? யாரு குறைச்சது?"

அக்கா நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். போன வாரம் கணினி திக்கித் திக்கி ஓடியபோது அவளேதான் குறைத்திருந்தாள்.

"எனக்கு நானே ஆப்பு வெச்சுக்கிட்டேன்."

எண்ணை அறுபத்துநான்காக உயர்த்தினாள். ஸ்வரங்கள் முழுதாக நின்றன. கூடவே திக்கலும் திரும்பி வந்தது.

"முப்பத்திரண்டு வெச்சுப் பாரு. பெடல்லயே காலை வெச்சுக்கிட்டு உட்காராத, அப்பப்ப எடு."

"காலை எடுக்கக்கூடத் தெம்பில்லடி," என்று சொன்னாலும், எண்ணை மாற்றிவிட்டுக் காலை எடுத்து எடுத்து வாசித்தாள். நான்காவது முறை பிசிறில்லாமல் வந்தது. பதிவை இன்னொரு தரம் கேட்டுப் பார்க்க மனமில்லாமல் விளம்பரக் கம்பெனிக்கு அனுப்பிவிட்டு, மேசைமேல் தலையைச் சாய்த்தாள்.