ஒரே இருக்கை, இரண்டு பேர்

பகல் இரண்டு மணிக்கு டிக்கெட் விற்பனை தொடங்க வேண்டும். காலையில் வாங்கிய கிம்பாப் சோற்றுச் சுருளை ஹேரின் பிரிக்கவே இல்லை.

சியோலை அடுத்த பங்யோவில் இருக்கும் அந்த டிக்கெட் நிறுவனத்தில் மென்பொருள் குழுவுக்குத் தலைவியாகி மூன்று மாதம்தான் ஆகிறது. அதற்கு முன்பு சியோலின் நாடக அரங்குகளில், இருட்டறையில் உட்கார்ந்து, எந்த விளக்கு எப்போது எரிய வேண்டும், திரை எப்போது விழ வேண்டும் என்று உத்தரவு கொடுத்துக்கொண்டிருந்தவள். கொரோனா காலத்தில் அரங்குகள் மூடிக் கிடந்தபோது புரோகிராம் எழுதக் கற்றாள். இங்கே சோதனைப் பிரிவில் சேர்ந்தாள். ஆளுக்கொரு பக்கம் இழுத்ததால் நின்றுபோயிருந்த வேலைகளைப் பேசிப் பேசியே நகர்த்தினாள். தலைவி பதவி வந்தது. ஆனால் அந்த நாற்காலிக்குக் காத்திருந்தவர் குவாக். வயதில் மூத்தவர், விற்பனை மென்பொருளில் பாதி அவர் எழுதியது.

"திரை இழுத்துட்டு இருந்த அம்மா நமக்கு டீம் லீடராம்," என்று காபி இயந்திரத்தருகே அவர் சொன்னது அவள் காதில் விழுந்திருந்தது.

இரண்டு மணிக்கு விற்பனை தொடங்கியது. பிரபலமான பாடகர் குழு. லட்சக்கணக்கானவர்கள் வரிசையில் இருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் வாடிக்கையாளர் பிரிவிலிருந்து ஜிந்தே ஓடி வந்தான்.

"ஒரே சீட்டு ரெண்டு பேருக்குப் போயிருக்கு! ரெண்டு பேருமே கத்தறாங்க!"

குவாக் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "விற்பனையை நிறுத்தணும். இப்பவே."

"எத்தனை சீட்டு?" என்றாள் ஹேரின்.

"தெரியாது. தெரியாததுனாலதான் நிறுத்தச் சொல்றேன்."

அவள் பின்னால் நிறுவனத்தின் இயக்குநர் நம்குங் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "நிறுத்தினா அந்தப் பாடகருங்க மேனேஜர் என் தோலை உரிச்சிடுவான்."

நடிகர் வசனம் மறந்தாலும், மேடையில் மேசை உடைந்தாலும் நாடகம் நிற்கக் கூடாது. பன்னிரண்டு வருடம் அவள் உடம்பில் ஊறிப்போன பழக்கம் அது. வாய் தானாகவே திறந்தது. "நடக்கட்டும். பின்னாடி சரி பண்ணிக்கலாம்."

குவாக் நாற்காலியைத் திருப்பினார். "இது நாடகம் இல்லை, மேடம்."

ஹேரினுக்கு முகம் சுட்டது. புகார்கள் திரையில் ஏறிக்கொண்டே இருந்தன. ஒருவர் தூரத்துப் புசானிலிருந்து வர ரயிலுக்கும் முன்பதிவு செய்துவிட்டாராம். மேடையில் நடந்த பிழை பார்ப்பவருக்குத் தெரியாமல் போகலாம். இங்கே ஒவ்வொரு நொடியும் யாரோ ஒருவர் கையில் பொய்யான டிக்கெட்டைக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள் அவள்!

எழுந்து நின்றாள். "நான் சொன்னது தப்பு. குவாக் சார், நிறுத்துங்க."

"ஹேரின்!" என்றார் இயக்குநர்.

"மேனேஜர் கேட்டா எம் பேரைச் சொல்லுங்க, சார்."

விற்பனை நின்றது. அறையில் எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தத் தொடங்கினார்கள். இரண்டு பேர் ஒரே கோப்பில் கை வைக்கப் போனார்கள்.

"கையை எடுங்க ரெண்டு பேரும்," என்றாள். இருட்டறையில் பேசிய அதே தணிந்த குரல். "குவாக் சார் சொல்றவர் மட்டும் தொடணும். ஜிந்தே, ரெண்டு தடவை போன சீட்டுக்காரங்க யார் யார்னு எடு. இயக்குநரோட நான் பேசிக்கறேன். வேற யாரும் இப்ப பேச வேண்டாம்."

குவாக் ஒரு கணம் அவளைப் பார்த்தார். பிறகு வேலையில் இறங்கினார்.

பொழுது சாயும்போது விற்பனை மறுபடி திறந்தது. இருக்கை பறிபோனவர்களை ஹேரினே தொலைபேசியில் அழைத்தாள். புசான்காரர் வாய்க்கு வந்தபடி திட்டினார், கேட்டுக்கொண்டாள்.

மறுநாள் கூட்டத்தில், நிறுத்தத் தயங்கிய அதே இயக்குநர் மேசையைத் தட்டினார். "நிறுத்த ஏன் அவ்வளவு நேரமாச்சு?"

"குவாக் சார் உடனே சொன்னார். நான்தான் கேட்கல," என்றாள் ஹேரின்.

"இன்னொரு தடவை இப்படி நடந்தா இந்தப் பொறுப்புல நீங்க இருக்க மாட்டீங்க," என்றார் இயக்குநர்.

லிஃப்டில் குவாக்கும் அவளும் மட்டும். அவர்தான் முதலில் வாய் திறந்தார். "பழியை எம்மேல போட்டிருக்கலாம். அவரும் ஒத்துக்கிட்டிருப்பார்."

"ஒத்துக்கிட்டிருப்பார்."

"இன்னமும் அந்த நாற்காலி எனக்கு வந்திருக்கணும்னுதான் நினைக்கறேன்."

"தெரியும், சார்." அவள் கதவையே பார்த்தாள். "அடுத்த விற்பனையில கோளாறைப் பார்க்கிற யாரா இருந்தாலும் நிறுத்தலாம்னு வைக்கப் போறேன். என்னைக் கேட்க வேண்டாம்."

"நேத்து சேர்ந்தவங்க கூடவா? பயந்துபோய் சும்மா சும்மா நிறுத்துவாங்க."

"நிறுத்தட்டும். திட்டை நான் வாங்கிக்கறேன்."

குவாக் இறங்கிப் போனார். மதிய உணவுக்குப் பிறகு, விற்பனையை நிறுத்தும் உரிமையைக் குழுவிலிருந்த ஒவ்வொருவர் பெயருக்கும் மென்பொருளில் அவரே திறந்துவிட்டிருந்தார்.