பிராணவாயு

அழகரத்தினம் மச்சானின் கடிதத்தை நான் உரக்க வாசித்தபோது வீட்டில் இருந்தவர்கள் நால்வர். அப்பா கவிழ்த்துப்போட்ட உரலில். அம்மா அடுப்படி வாசலில், நிலையில் முதுகு சாய்த்து. ஏறாவூரிலிருந்து புடவை விற்க வரும் முத்தலிப் காக்கா தன் மூட்டைமேல். நான் வாங்குப் பலகையில். அண்ணனுக்கென்று அம்மா விரித்த பாயில் ஒருவருமில்லை. போன மாரியில் தோணி கவிழ்ந்து அவன் வாவியோடு போனான். உடல் கிடைக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் வாவிக்கரைக் கண்டல் மரங்களுக்கு அப்பால், சேற்றின்மேல், ஒரு நீல வெளிச்சம் தெரியத் தொடங்கியது. அது அண்ணன்தான் என்று, அந்தி பட்டதும் அம்மா "மனே" என்று கூப்பிட்டுக்கொண்டு சேற்றில் இறங்கிவிடுவார். நேற்று இடுப்புவரை புதைந்தவரை அப்பா கூந்தலில் பிடித்துத்தான் இழுத்தெடுத்தார்.

மச்சான் கொழும்பில் பல்கலைக்கழகக் கல்லூரியில் இரசாயனம் படிக்கிறார். நான் கேள்விகளுக்கு இலக்கம் போட்டு எழுதியிருந்தேன். ஒன்று: அங்கே பெண்பிள்ளைகளும் ஒரே மண்டபத்திலா படிக்கிறார்கள்? இரண்டு: கண்ணால் காணாத வாயுவை உண்டென்று எப்படிச் சொல்கிறீர்கள்? மூன்று: சேற்றில் எரிவது என்ன?

பெண்கள் முன்வாங்கில், ஆண்கள் பின்னால் என்று மச்சான் எழுதியிருந்தார்.

"அப்ப உங்கட மச்சானுக்குப் பலகையில எழுதினது எங்க தெரியப்போகுது!" என்றார் முத்தலிப் காக்கா.

அப்பாகூடச் சிரித்தார். இரண்டாவதைத் தாண்டி மூன்றாவதற்குப் போனேன்.

"சேற்றில் இலைதழை அழுகி ஒரு வாயு எழும்புகிறது. அது காற்றிலுள்ள பிராணவாயுவோடு சேர்ந்து எரிகிறது. பேயுமில்லை, பிசாசுமில்லை."

அம்மா நிமிர்ந்தார். "என்ன வாயு?"

"பிராணவாயு."

"பாத்தீங்களா? படிச்ச பிள்ளையே எழுதியிருக்கு. அவன்ட பிராணன்தான்."

"இல்லம்மா, அது காத்தில ஒரு பகுதிக்கு வச்ச பேர்."

"சும்மா காத்துக்கு ஆரு பிராணன் எண்டு பேர் வைப்பான்?"

அப்பா எழும்பினார். "கடிதம் போட்டு அவளத் தடுக்கிறன் எண்டாய். நல்லாத் தடுத்தாய், புள்ள."

கடிதத்தின் கீழே இன்னொன்றும் இருந்தது. போத்தலைத் தண்ணீரால் நிரப்பிச் சேற்றுநீரில் கவிழ்த்துப் பிடித்து, அடியைத் தடியால் கிண்டினால் அந்த வாயு குமிழியாய் ஏறிப் போத்தலில் அடைபடுமாம். லீவில் வந்து செய்து காட்டுகிறேன் என்றிருந்தது. வாசித்தேன்.

அம்மா எழுந்து வந்து பாயின் சுருக்கத்தை நீவிவிட்டார்.

"போத்தலில அடைச்சா அவனுக்கு நோகுமா? கேட்டு எழுது."

"எழுதுறன். மறுமொழி வருமட்டும் நீங்க சேத்தில இறங்கப்படாது."

"ஓம். வருமட்டும் இறங்கமாட்டன்." அண்ணன் பேரில் சத்தியமும் செய்தார்.

முத்தலிப் காக்காவை நிற்கச் சொல்லிவிட்டு உடனே எழுதினேன். நான்காவது கேள்வி, அம்மா சொன்னபடியே. ஐந்தாவது என்னுடையது: நேற்று அம்மா கூப்பிட்டபோது அது அசையாமல் நின்றது. நானும் கண்டேன். வாயு ஏன் நிற்கவேண்டும்?

அடியில் எழுதினேன்: "மச்சான், நான்காவதற்கு மறுமொழி தரவேண்டாம். இன்னும் சோதித்துக்கொண்டிருக்கிறோம் என்று மட்டும் மாதாமாதம் எழுதுங்கள்."

சோற்றுப் பருக்கையால் உறையை ஒட்டிக் கொடுத்தேன். தபாற்கந்தோரில் போட்டுவிடுவதாகச் சொல்லி முத்தலிப் காக்கா வாசல் படலையைத் தாண்டினார். அம்மா பின்னால் ஓடினார்.

"ஈரம் படாமக் கொண்டு போங்க, காக்கா. அவன் இனி நனையப்படாது."