ஆள் பிடிக்கிறவள்

பத்தாம் வகுப்புக் கணக்கில் ஃபெயிலான பேத்தி வினிதாவுக்கு டெல்சி சும்மாவே பாடம் சொல்லித் தருகிறாள் என்றதும் பரமசிவத்துக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஓசூர் கம்பெனியில் வேலை பார்க்கிற பெண், ஷிப்ட் முடிந்து வந்து படுக்காமல் ஃபெயிலான பிள்ளைகளை எதற்குக் கூட்டி உட்கார வைக்கிறாள்? கான்ட்ராக்டருக்கு ஆள் பிடிக்கத்தான். அப்படிப் படிப்பை விட்டுப் போன பிள்ளைகள் குருபரப்பள்ளியில் எத்தனையோ பேர்.

பேத்தியை இழுத்துவரப் போனவர் பாடம் நடக்கிற சர்ச்சின் வாசலிலேயே நின்றுவிட்டார். உள்ளே வினிதாதான் பேசிக்கொண்டிருந்தாள்.

“கணக்கு மண்டையில ஏறலக்கா. உங்க கம்பெனியிலயே என்னைச் சேத்து விடுங்க.”

“நாள் முழுக்க நின்னு என் காலு வீங்கறது போதாதா? பாஸ் பண்ணு, டிப்ளமா படி, எனக்கே சூப்பர்வைசரா வா. அதுக்கு முன்னாடி கம்பெனி கேட்டுப் பக்கம் வந்தே, செக்யூரிட்டிய விட்டுத் துரத்துவேன். போடு கணக்க!”

பிள்ளைகள் சிரித்தார்கள். டெல்சி அவரைப் பார்த்துவிட்டாள்.

“என்ன தாத்தா, பிள்ளையைக் கூட்டிக்கிட்டுப் போக வந்தீங்களா?”

“ஆமா. நீ ஆள் பிடிக்கிறவன்னு நெனச்சேன்” என்றார் பட்டென்று.

“இப்ப?”

பரமசிவம் வினிதாவின் நோட்டை எட்டிப் பார்த்தார்.

“அடுத்த வாரம் உனக்கு எந்த ஷிப்ட்டு? பிள்ளைய எப்ப அனுப்பணும், அதைச் சொல்லு.”