விரால் சாட்சி

மன்னார் வளைகுடாவின் சீற்றத்துக்கு நெஞ்சு நிமிர்த்தி நின்ற மாவீரர்களின் வரலாறு என்றாவது எழுதப்பட்டால், அதன் முதல் பக்கத்தில் விஜயராஜ் அண்ணாச்சியின் பெயர்தான் இருக்கும்.

அண்ணாச்சிக்கு நீச்சல் தெரியாது. சாத்தான்குளத்துப் பக்கம் செம்மண் தேரியில் பிறந்து, தூத்துக்குடிக்கு வந்து, பெயிண்டும் பைப்பும் விற்றுப் பெரியவரானவர். கடலில் அவர் நனைத்தது கால் கட்டைவிரலை மட்டும்தான். அதுவும் திருச்செந்தூரில், வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு.

ஆனால் வீடு என்று வந்தபோது கடற்கரையில்தான் கட்டினார். உப்பளத்துக்கும் கடலுக்கும் நடுவில் சங்குமணி நகர் என்று மனை போட்டிருந்தார்கள். வாசலில் ‘கடல் இல்லம்’ என்று கிரானைட்டில் வெட்டி வைத்தார். ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் வந்தால் மொட்டை மாடிக்குக் கூட்டிப்போய், தானே தோண்டியது போல் கடலைக் காட்டுவார்.

அந்த வீட்டுக்குத்தான் காப்பீட்டைப் புதுப்பிக்கச் சொல்லி ஏஜென்ட் தேவதாசன் வந்தார்.

“அண்ணாச்சி, இந்த வருஷம் பிரீமியம் கொஞ்சம் கூடியிருக்கு.”

“கொஞ்சம்னா?”

“மூணு மடங்கு.”

அண்ணாச்சியின் மனைவி உமாராணி அடுக்களையிலிருந்து கரண்டியோடு வெளியே வந்தார். “ஏம்ல, வீட்டுக்கு இன்சூரன்ஸ் கேட்டா வீட்டையே வெலைக்கிக் கேக்க?”

“நானா கூட்டுதேன் மதினி? நீங்க கடலோர அபாய மண்டலமாம். சேட்டிலைட்டுல பாத்துச் சொல்லுதான்.”

கட்டாமல் விட்டுவிடவும் முடியாது. கடைக்கு வாங்கிய கடன் வீட்டின் மேல் இருந்தது. மாதக் கடைசிக்குள் பாலிசி கைக்கு வராவிட்டால் கடனை நிறுத்திவிடுவோம் என்று வங்கி சொல்லிவிட்டது. கடன் நின்றால் கடைக்குச் சரக்கு வராது.

கூடிய தொகையைவிட உமாராணிக்கு வயிறு எரிந்தது வேறொன்றை நினைத்து. இருபத்து மூன்றாம் வருஷ டிசம்பர் மழையில் அந்த வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்றது. கட்டில், பீரோ, ஃபிரிட்ஜ் எல்லாம் போயின. கடல் மட்டும் தன் இடத்தில் சமர்த்தாக இருந்தது. தண்ணீர் வந்தது மேற்கே குளங்கள் உடைந்து.

இழப்பைப் பார்க்கக் கம்பெனியிலிருந்து ஒருவர் வந்தார். சுவரில் தண்ணீர் நின்ற கறையைப் படம் எடுத்தார். நனைந்த மெத்தையைப் படம் எடுத்தார். சாமி அலமாரிக்குக் கீழே தேங்கிய தண்ணீரில் ஒரு விரால் மீன் வாலை ஆட்டிக்கொண்டு கிடந்தது. அதை நாலு கோணத்தில் எடுத்தார். பத்து நாளில் முடிவு வந்தது. அண்ணாச்சி எடுத்திருந்தது ‘கடலோரக் கவசம்’ என்ற பாலிசி. கடலிலிருந்து வரும் ஆபத்துக்கு மட்டும்தான் அது செல்லும். விரால் நன்னீர் மீன். ஆகவே வந்தது குளத்துத் தண்ணீர். ஆகவே ஒன்றும் கிடையாது.

சாட்சியை உமாராணி அன்றைக்கே குழம்பு வைத்துவிட்டதால் குறுக்கு விசாரணைக்கும் வழியில்லை.

இப்போது அந்த வெள்ளத்தையே காரணம் காட்டி, வட்டாரத்தில் அபாயம் கூடிவிட்டதென்று மூன்று மடங்கு கேட்கிறார்கள். கொடுக்காத இழப்பீட்டுக்கு அபராதம். மழை இருட்டினால் இந்த ஊர் மேற்கே பார்த்துத்தான் பயப்படுகிறது. கம்பெனி கிழக்கே கையைக் காட்டிப் பணம் வசூலிக்கிறது.

சங்குமணி நகர் குடியிருப்போர் சங்கம் அண்ணாச்சி வீட்டு மாடியில் கூடியது. தலைவரும் அவர்தான்.

“ஒத்தப் பைசா கூட்டித் தரமாட்டோம்!” என்று அண்ணாச்சி முழங்கினார். “தந்தவன் இந்தத் தெருவுக்கே துரோகி!”

தெரு கை தட்டியது. உமாராணி தட்டவில்லை. “இதே வாயி அங்கன போயும் பேசணும். மைக்கக் கண்டதும் வணக்கம் சொல்லியே பொழுத ஓட்டிராதீய.”

‘அங்கன’ என்றது, கம்பெனி நடத்தவிருந்த கடலோர மக்கள் விழிப்புணர்வு மாநாட்டை. மாநாட்டன்று காலை அண்ணாச்சிக்கு வங்கியிலிருந்து ஒரு போன் வந்தது. மாடிக்குப் போய்ப் பேசிவிட்டு வந்து, சட்டையை மாற்றிக்கொண்டு கிளம்பினார்.

கல்யாண மண்டபத்தில் நடந்தது மாநாடு. குத்துவிளக்கு ஏற்றினார்கள். காற்றில் அது அணைந்தது. மறுபடி ஏற்றினார்கள். தட்டில் மிக்சரும் மக்ரூனும் கொடுத்தார்கள். மண்டல மேலாளர் தாணுலிங்கம் கோட்டுப் போட்டுக்கொண்டு, வியர்வை ஒழுக ஒழுகப் பேசினார். கடல் நம் தாய் என்றார். தாய்க்கும் சில சமயம் கோபம் வரும் என்றார். நாங்கள் உங்கள் குடும்பத்தில் ஒருவர் என்றார். வருஷா வருஷம் வந்து பணம் வாங்கிக்கொண்டு, கஷ்டம் என்றால் போனை எடுக்காத ஒருவர் எல்லாக் குடும்பத்திலும் இருப்பதால், சபை அதை ஒப்புக்கொண்டது.

அடுத்து அண்ணாச்சி. மேடையில் இருந்தவர்களுக்குத் தனித்தனியாக வணக்கம் சொன்னார். கொற்கை முத்தைப் பற்றிச் சொன்னார். ரோமாபுரி ராணிகள் அதை அணிந்ததைச் சொன்னார். கழுத்தில் விழுந்த பொன்னாடைக்கு நன்றி சொன்னார். பிரீமியம் என்ற சொல் அவர் வாயிலிருந்து வரவேயில்லை. உட்கார்ந்துவிட்டார்.

உமாராணி எழுந்தார்.

“சார், நான் ஒண்ணு கேக்கலாமா?”

“தாராளமா கேளுங்கம்மா.”

“அன்னைக்கு எங்க வீட்டுக்குள்ள வந்தது கொளத்துத் தண்ணின்னு சொல்லி ரூவா தரல. இன்னைக்கு எங்க வீடு கடல்கிட்ட இருக்குன்னு சொல்லி மூணு மடங்கு கேக்கீய. தரும்போது கொளம், வாங்கும்போது கடலா? வீட்ட வச்சிக்கிட்டு எந்தப் பக்கம்தான் திரும்பி நிக்க?”

மண்டபம் சிரித்தது. தாணுலிங்கம் கைக்குட்டையை எடுத்தார். “அம்மா, அது ரிஸ்க் மாடல். கம்ப்யூட்டர் போடுற கணக்கு.”

“அந்தக் கம்ப்யூட்டர் கடல் வந்தா தருமா?”

“கடல் வந்தா… காத்தோட வந்தா தரும். காத்து இல்லாம தானா பொங்கி வந்தா அதுக்குத் தனிப் பாலிசி இருக்கு.”

“சரி. காத்தோட கடல் வருது. அதுல ஒரு விராலும் சேந்து வந்துட்டா?”

பின்வரிசையில் யாரோ விசில் அடித்தார்கள். “கேளுங்க மதினி!” என்று குரல் வந்தது. தேவதாசன் மக்ரூன் தட்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். தெருக்காரர்கள் ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள். எழுந்திருக்காதவர் மேடையில் இருந்த சங்கத் தலைவர் மட்டும்தான்.

“எழுதிக்கிடுங்க சார்,” என்றார் உமாராணி. “பழைய ரேட்டுக்கு எறங்குத வரைக்கும் எங்க தெருவுல ஒரு வீடும் கட்டாது. மொத வீடு எங்க வீடு.”

மண்டபம் அதிரக் கை தட்டியது. தாணுலிங்கம் மெல்லத் திரும்பி, பக்கத்து நாற்காலியில் இருந்த அண்ணாச்சியைப் பார்த்தார். அண்ணாச்சி மின்விசிறியைப் பார்த்தார்.

அவர் அன்று காலையிலேயே செல்போனில் பணம் கட்டியிருந்தார். அடுத்த மூன்று வருஷத்துக்கும் சேர்த்து.